செங்குத்தாக நின்ற சேறு

"கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்! நீங்க தலைகீழா நின்னாலும் மாட்டேன்!"

பஸ் ஷெட்டின் கேட்டுக்கு வெளியிலேயே அந்தக் குரல் கேட்டுவிட்டது. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நிமிர்ந்தான்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒட்டிவிட்டது. துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தபோது பெயரும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது. எந்தக் கேஸிலும் கிண்டல் பண்ணிக்கொண்டே திரிகிற பயல், இன்றைக்குக் காலையிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. காரணம், மாட்டிக்கொண்டிருப்பது அவனுடைய சொந்த அக்கா.

"கத்தறது உங்க அக்காவா?" என்றார் மேடம், கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தபடியே.

"ஆமா மேடம். எங்க வீட்ல நான் ரேடியோ. அவ லவுட் ஸ்பீக்கர்."

"நல்லது. தப்பு பண்ணவங்க இவ்வளவு சத்தமா பேசமாட்டாங்க. வா."

அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். போன வாரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய சாயங்காலம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ரயில் பாலத்துக்கு அடியில் சுரங்கப்பாதையில் பஸ் பொசுக்கென்று நின்றுவிட்டது. அவள் ஒவ்வொரு பிள்ளையாக இடுப்பில் தூக்கி மேட்டில் கொண்டுபோய் விட்டாள். ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை. அதற்காக அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்க வேண்டும். நடந்தது என்னவோ வேறு. "ஆழத் தண்ணின்னு தெரிஞ்சே பஸ்ஸை இறக்கிட்டா. எஞ்சின் வரைக்கும் தண்ணி ஏறி, ஆல்டர்னேட்டர்ல சேறு பூந்து வண்டி செத்துப்போச்சு" என்று பஸ் முதலாளி பள்ளிக்கூடத்தில் போய் ஒப்பித்துவிட்டார்.

தலைமையாசிரியை இன்று மத்தியானத்துக்குள் முடிவு சொல்வதாக இருந்தார். தப்பு அக்காவுடையது என்று ஆகிவிட்டால் வேலை போவது மட்டுமில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தவள் என்ற பெயர் நிற்கும். அந்தப் பெயரோடு அவளை எந்தப் பள்ளிக்கூடமும் ஸ்டியரிங் பக்கம் அண்டவிடாது.

ஷெட்டுக்குள் மூன்று பஸ்கள் நின்றன. டீசல் நாற்றமும் ஈரச் சாக்கு நாற்றமும் சேர்ந்து மூக்கைத் துளைத்தது. பழைய டயர் அடுக்கின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் சட்டை, முழங்கை வரை மடித்த கை, காலில் புதுச் செருப்பு. பழைய செருப்பு சுரங்கப்பாதைத் தண்ணீரோடு போயிருந்தது. அவளுக்கு எதிரில் ஒரு காகிதத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு முதலாளி நின்றார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைமையாசிரியை. கொஞ்சம் தள்ளி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்த ஷெட் மெக்கானிக். அவர் கையில் துடைக்க ஒன்றுமே இல்லை என்பதை ரேடியோ கவனித்தான்.

"வாங்க வாங்க, துப்பறியும் நிபுணர்களே!" என்றார் முதலாளி. "ஒரு மன்னிப்புக் கடிதம், அவ்வளவுதான் கேக்கறேன். எழுதிக் குடுத்தா போலீஸ் கீலீஸ்னு போகாம கௌரவமா அனுப்பிடுவேன். இந்தப் பொண்ணுக்கு என்ன வீம்பு பாருங்க."

"வீம்பு இல்ல சார். செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றாள் அக்கா. "தண்ணி டயர்ல பாதிகூட வரல. பஸ்ஸைச் சுரங்கப்பாதையில இறக்கறதுக்கு முன்னாடியே வண்டி தள்ளாட ஆரம்பிச்சிடுச்சு. ஹார்ன் கம்மிப்போச்சு, வைப்பர் நொண்டிச்சு, லைட் மங்கிச்சு. அப்பறம் எஞ்சின் நின்னுது. ஒரு மாசமாவே டாஷ்போர்டுல அந்தச் சிவப்பு பேட்டரி லைட்டு மினுக் மினுக்னு எரியுதுன்னு நான் சொல்லல?"

"யார்கிட்டம்மா சொன்னே?"

அக்கா மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் துணியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்? சாட்சி இல்ல. பஸ்ஸை இழுத்துட்டு வந்தது என் ஆளுங்க. தண்ணி எவ்வளவு இருந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி.

"பிள்ளைங்களுக்கும் தெரியும்ல?" என்றார் மேடம்.

"நான் நேத்தே விசாரிச்சுட்டேன் மேடம்" என்று ரேடியோ முணுமுணுத்தான். "ஒருத்தன் தண்ணி கழுத்து வரைக்கும்னான். இன்னொரு பாப்பா முதலையைப் பாத்துச்சாம். மூணாவது பொண்ணு மட்டும், 'அக்கா பாட்டு பாடிக்கிட்டே தூக்கினாங்க, அதனால எனக்கு பயமே வரல'ன்னுச்சு. அதை வெச்சு ஆழத்தை அளக்க முடியாதே."

மேடம் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பளபளவென்று இருந்தது. சக்கரத்துக்கு உள்பக்கம்கூடத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். எதுவரை தண்ணீர் ஏறியது என்று காட்டக்கூடிய சேற்றுக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

"ரொம்ப சுத்தமான மனுஷன்" என்றான் ரேடியோ. "தடயத்தைக்கூட ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி இருக்காரு."

"பிள்ளைங்க ஏறற வண்டி தம்பி, அழுக்கா வெக்க முடியுமா?" முதலாளி சிரித்தார். "ஆனா முக்கியமான சாமானை மட்டும் அப்படியே வெச்சிருக்கேன். பானட்டைத் தூக்கிப் பாருங்க."

பானட் திறந்தது. எஞ்சினுக்குப் பக்கவாட்டில், பெல்ட்டில் மாட்டியபடி, சின்னப் பூசணிக்காய் அளவில் ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றும்; சுற்றினால் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். மெக்கானிக்குகள் பழக்கத்தில் டைனமோ என்பார்கள். அதன்மேல் காய்ந்த சேறு அப்பிக்கிடந்தது.

மேடம் உடனே அதைத் தொடவில்லை. முதலாளி பக்கம் திரும்பினார்.

"இதை யாராவது கழட்டினாங்களா?"

"ஒரு போல்ட்டைக்கூடத் தொடல."

"துடைச்சுப் பாக்க, திருப்பிப் பாக்க, எதுக்காவது?"

"அட, கை வெக்கலைங்கறேன்! சுரங்கப்பாதையில இருந்து வந்தது வந்தபடியே இருக்கு. இவங்க முன்னாடியே சொல்றேன்." முதலாளி தலைமையாசிரியையைக் காட்டினார்.

"நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல டீச்சர்?" என்றார் மேடம்.

"கேட்டேன்" என்றார் தலைமையாசிரியை. ஒரு விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "எனக்கு ஒரு தெளிவான பதில் வேணும். பெத்தவங்க என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க."

சோதனை தொடங்கியது. மேடம் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்; விறைப்பாகவே இருந்தது. வயர் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பக்கத்து பஸ்ஸிலிருந்து பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டியதும் எஞ்சின் முதல் சாவியிலேயே உறுமியது. ரேடியோ, பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்தான். முள் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. சார்ஜ் ஏறினால் பதினாலுக்குப் போயிருக்க வேண்டும். அக்கா ஏறி ஹெட்லைட்டைப் போட்டதும் முள் இன்னும் கீழே இறங்கியது.

"டைனமோ காலி" என்றார் மேடம். "அதான் மழையில வைப்பரும் லைட்டும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிடுச்சு. பேட்டரி போனா எஞ்சினுக்கு டீசல் விடற வால்வு மூடிக்கும். அதுல சந்தேகம் இல்ல. அது எப்போ காலியாச்சு, எதனால காலியாச்சுங்கறதுதான் கேள்வி."

அவ்வளவுதான், ரேடியோவுக்குப் பொறி தட்டியது. அவன் வாயை யார் கட்டிப்போடுவது?

"மேடம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு! இது வெளிப்பூச்சு. டைனமோ தானா செத்திருக்கு. இவரு வெளிய மட்டும் சேத்தை அள்ளி அப்பியிருக்காரு. ஓடற டைனமோ தண்ணிக்குள்ள போனா அதோட விசிறி சேத்தை உள்ள இழுக்கும். இதைக் கழட்டிப் பிரிச்சுப் பாருங்க, உள்ள கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கும். டீச்சர், உள்ள சேறு இருந்தா எங்க அக்கா அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடுவா!"

"டேய்!" என்றாள் அக்கா.

"போடுவாக்கா. ஏன்னா உள்ள சேறு இருக்காது."

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவனுக்குப் புரியும்தான். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

மெக்கானிக் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, அங்கேயே விரித்த சாக்கில் வைத்துப் பின்மூடியைத் திறந்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

உள்ளே சேறு இருந்தது. கொஞ்சமில்லை, தாராளமாக இருந்தது.

முதலாளி கைதட்டியே விட்டார். "பிரமாதம் தம்பி! உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இந்தாம்மா பேனா."

ரேடியோவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சொந்த அக்காவை, ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளை, விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டபோதெல்லாம் வீட்டில் மாட்டிவிடாமல் காப்பாற்றியவளை, பந்தயத்தில் வைத்துத் தோற்றுவிட்டானே! தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

"அக்கா... நான்..."

"நீ சும்மா இருடா." அக்கா டயர் அடுக்கிலிருந்து இறங்கி நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "உள்ள சேறு இருக்கட்டும். ஒரு வண்டிச் சேறு இருக்கட்டும். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸை ஆழத்துல இறக்கல. என் தம்பி நூறு சொல்லுவான், அதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது. வேலைய எடுத்துக்கோங்க. போலீசுக்குப் போங்க. என்னை நானே பொய்க்காரின்னு எழுதிக்க மாட்டேன்."

"பாத்தீங்களா டீச்சர், இந்தத் திமிரை?" என்றார் முதலாளி.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு எழுந்தார். "என்னை மன்னிச்சுக்கம்மா. கண்ணால பாத்தப்பறம் நான் என்ன பண்ண முடியும்?"

"உக்காருங்க டீச்சர்" என்றார் மேடம். அவர் இன்னும் சாக்கின் பக்கத்தில்தான் குந்தியிருந்தார். "இன்னும் நாம பாக்கவே இல்ல. ரேடியோ, உன் டீ மிச்சம் இருக்கா?"

"டீயா? இப்பவா மேடம்?"

"குடிக்க இல்ல. கொண்டா."

பேப்பர் கப்பில் அடியில் கொஞ்சம் டீ இருந்தது. மேடம் அதைச் சாய்த்துப் பிடித்தார். டீ கப்பின் ஓரத்துக்கு ஓடி, அங்கே மட்டமாக நின்றது. இன்னொரு பக்கம் சாய்த்தார். அங்கேயும் மட்டமாகவே நின்றது.

"டீச்சர், இதை எப்படிச் சாய்ச்சாலும் டீ தரையைப் பாத்துத்தான் படுக்கும். சரியா?"

"இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"சேத்துத் தண்ணியும் அப்படித்தான். அது அப்படியே காஞ்சு கெட்டியாயிட்டா, எந்த வாட்டத்துல இருந்து காஞ்சுதோ அதைக் காட்டிக்கிட்டே இருக்கும்." மேடம் மெக்கானிக்கிடம் திரும்பினார். "அண்ணே, இதை பஸ்ல எப்படி மாட்டியிருந்துச்சோ, அதே மாதிரி கையில பிடிங்க."

மெக்கானிக் பிடித்தார். பஸ்ஸில் ஆல்டர்னேட்டர் படுத்த வாக்கில் இருக்கும். பெல்ட் மாட்டுகிற சக்கரம் முன்னால் பார்த்திருக்கும். மேடம் டார்ச் அடித்தார். உள்ளே அடிவயிற்றில் சேறு தங்கியிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சேறு முழுக்கச் சக்கரத்துப் பக்கம் திரண்டு, மேலிருந்து கீழ்வரை வழவழப்பான ஒரு சுவர் போலச் செங்குத்தாக நின்றது.

தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா!" ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "சேறு எழுந்து நின்னு காஞ்சிருக்கு!"

"எழுந்து நிக்கலடா. டைனமோ நின்னுருக்கு, தலைகீழா. பஸ்ஸுக்கு வெளியில." மேடம் எழுந்து ஷெட்டின் மூலையில் இருந்த வேலைமேசைக்குப் போனார். அதன்மேல் ஸ்பேனர்கள், ஒரு பழைய பேரிங், நாலைந்து காலிப் பெயிண்ட் டப்பாக்கள். "அண்ணே, டைனமோ உருண்டை சாமான். மேசையில வெச்சா ஓடும். பின்மூடியைத் திறக்கணும்னா நீங்க எப்படி நிக்க வெப்பீங்க?"

மெக்கானிக்கின் கண்தான் பதில் சொல்லியது. அது நேராக மூன்றாவது டப்பாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

மேடம் அந்த டப்பாவை எடுத்து வந்து தலைமையாசிரியை மடிக்கு அருகில் சாய்த்துக் காட்டினார். உள்ளே காய்ந்த சேற்றுக் கட்டி. அதன் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு மூலையோடு ஒரு நட்டின் அச்சு. மேடம் ஆல்டர்னேட்டரை வாங்கி, சக்கரம் கீழே பார்க்கும்படி டப்பாவுக்குள் இறக்கினார். சக்கரம் பள்ளத்தில் பொருந்தியது. நட்டு அச்சில் பொருந்தியது. பிடித்துக்கொள்ளாமலே நின்றது.

"பல் டாக்டர்கிட்ட பல்லு அச்சு எடுத்த மாதிரியே இருக்கே" என்றான் ரேடியோ. "நல்ல வேலைக்காரர் பழக்கம். சாமான் உருளக்கூடாதுன்னு டப்பாவுல நிக்க வெச்சு, பின்மூடி வழியா சேத்தைக் கரைச்சு ஊத்தியிருக்காரு. கீழ வழிஞ்ச சேறு டப்பாவுலயே காஞ்சு அச்சு எடுத்துடுச்சு. மேல கொஞ்சம் மேக்கப்பும் போட்டாச்சு."

முதலாளியின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "இதுல என்ன இருக்கு? பஸ் வந்ததும் மெக்கானிக் கழட்டி வெச்சுப் பாத்திருப்பான். உள்ள இருந்த ஈரச் சேறு அப்ப ஒரு பக்கமா ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும்தான்" என்றார் மேடம் சாந்தமாக. "ஆனா யாரும் கழட்டலையே? ஒரு போல்ட்டைக்கூடத் தொடலன்னு நீங்கதானே சொன்னீங்க. கைகூட வெக்கலன்னீங்க. டீச்சர் முன்னாடி."

சிரிப்பு கழன்று விழுந்தது.

"இன்னொண்ணும் பாருங்க." மேடம் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பாகத்தை நெம்பி எடுத்தார். "இது கார்பன் பிரஷ். சுத்தற செம்பு வளையத்தை உரசி மின்சாரத்தை அனுப்பறது. புதுசுல விரல்நகம் நீளம் இருக்கும். இங்க அரிசி அளவுதான் மிச்சம். இது ஒரு மழையில தேயாது, மாசக்கணக்கா தேயும். தேயத் தேய பேட்டரி லைட்டு மினுக்கும். அந்தச் செம்பு வளையத்தைப் பாருங்க, வழவழன்னு இருக்கு. சேத்தோட சுத்தியிருந்தா மணல் அதைக் கோடு கோடா கீறியிருக்கும். இந்த டைனமோ உள்ள ஈரச் சேத்தோட ஒரு சுத்துகூடச் சுத்தினதில்ல. இன்னிக்கு நாம ஓட்டினமே, அப்பகூட இந்தச் சேறு கல்லா காஞ்சு முன்பக்கமே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பின்னால இருக்கற வளையத்தைத் தொடவே இல்ல."

மெக்கானிக்கின் கையிலிருந்து துணி நழுவியது.

"நான்தான் ஊத்தினேன்" என்றார் அவர். "அந்தப் பொண்ணு லைட்டு எரியுதுன்னு எங்கிட்ட வந்து ரெண்டு மூணு வாட்டி சொல்லுச்சு. நான் இவர்கிட்ட சொன்னேன். பரீட்சை லீவு வரைக்கும் ஓட்டட்டும்னாரு. பஸ் நின்னுபோனதும் பயந்துட்டாரு. ஊத்தலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதேன்னாரு." அவர் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தப்புதாம்மா. உன் மூஞ்சியைப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"அன்னிக்கே வாயைத் தொறந்திருக்கலாம்ல அண்ணே" என்றாள் அக்கா. அதற்குமேல் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

தலைமையாசிரியை முதலாளியைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே அடங்கிப் போயிருக்கும். "லைட்டு எரியறது தெரிஞ்சும் அந்த வண்டியில என் பிள்ளைங்களை ஏத்தினீங்களா?"

"டீச்சர், அது வந்து... அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு..."

"பண்ணிக்க முடியாது. மூணு பஸ்ஸையும் வெளியாள் வந்து சோதிக்கற வரைக்கும் இங்க இருந்து எதுவும் நகரக்கூடாது. அதுக்கப்பறம் உங்ககூட ஒப்பந்தம் வேணுமா வேணாமான்னு பெத்தவங்க முடிவு பண்ணுவாங்க." அவர் அக்கா பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "உன்கிட்ட நான்தான்மா மன்னிப்புக் கேக்கணும். சாயங்காலம் வேற வண்டி ஏற்பாடு பண்றேன். நீயே ஓட்டறியா? பிள்ளைங்க உன்னைத்தான் கேக்குதுங்க."

ரேடியோ எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு. அக்கா அதைச் செய்யவில்லை.

"ஓட்டறேன் டீச்சர். ஆனா ரெண்டு விஷயம். ஓட்டறதுக்கு முன்னாடி அந்த வண்டியை நான் பானட் தொறந்து பாப்பேன். லைட்டு ஒண்ணு தப்பா எரிஞ்சாலும் எடுக்க மாட்டேன், யார் சொன்னாலும் சரி."

"சரி. ரெண்டாவது?"

அக்கா நேராக முதலாளியிடம் போனாள். அவர் கையில் கசங்கிக்கிடந்த மன்னிப்புக் கடிதத்தை வாங்கினாள். அதில் தன் பெயர் இருந்த இடத்தை அவருடைய பேனாவாலேயே அடித்தாள். பிறகு இரண்டையும் அவரிடமே நீட்டினாள்.

"இப்ப நீங்க எழுதுங்க சார். எனக்கு வேணாம். அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு எழுதுங்க. லைட்டு எரிஞ்சுது, எனக்குத் தெரியும், அப்படியும் அனுப்பினேன்னு எழுதுங்க. நீங்க எழுதி முடிக்கற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருப்பேன். எனக்கு சாயங்காலம் வரைக்கும் வேலை இல்ல."

சொன்னபடியே டயர் அடுக்கின்மேல் போய் உட்கார்ந்து, காலின்மேல் காலைப் போட்டுக்கொண்டாள். முதலாளி தலைமையாசிரியையைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் அவர் பஸ்ஸின் கழுவித் துடைத்த பக்கவாட்டில் காகிதத்தை வைத்து, குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். ரேடியோவின் காதருகே குனிந்து, "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றார்.

ரேடியோ வாயைத் திறந்தான். ஒரு கிண்டலும் வரவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"இது, என் கையெழுத்தைப் பந்தயம் வெச்சதுக்கு" என்றாள்.